பேழைக்குள் கேட்ட சண்டை

என் தம்பி பொண்டாட்டி ஓவியா மைக்கைப் பார்த்துட்டா வேற பொம்பளை ஆயிருவா.

மதுரை பஸ் ஸ்டாண்டுல அவ டைம் கீப்பர். பாதி பஸ்ஸுக்கு மேல இப்ப டிரைவரே கிடையாது, தன்னால ஓடுது. ஆனாலும் நம்ம ஊர்ல ஒரு பஸ்ஸு நேரத்துக்குக் கிளம்பணும்னா யாராவது ஒரு ஆள் நடுவுல நின்னு கத்தித்தான் ஆகணும். "யோவ், எவன்யா அது வழியில ஷேர் ஆட்டோவைப் போட்டுட்டு டீ குடிக்கப் போனவன்? உங்க தாத்தா போட்ட ரோடா இது?"ன்னு அவ கத்துனா ஆட்டோ தன்னால நகர்ந்துக்கிடும். அதே வாய், அறிவிப்பு மைக் முன்னாடி நின்னா, "பயணிகளின் அன்பான கவனத்திற்கு, திருச்செந்தூர் செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்"னு தேனா ஒழுகும். முதுகெலும்பு நிமிர்ந்துரும், கண்ணு எங்கயோ தூரத்துல போயிரும். நான் கூட கேலி பண்ணுவேன், "என்னடி, மைக்கைப் பார்த்தா உனக்குப் பேய் பிடிச்சிருதா?"ன்னு.

நான் ரேணுகா. தெற்கு மாசி வீதிக்குப் பின்னாடி சந்துல ஜாக்கெட் தைக்கிற கடை வச்சிருக்கேன். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷம் ஆச்சு. பிள்ளை இல்ல. தம்பி கதிரேசனை வளர்த்ததே நான்தான், அதனால அவன் பொண்டாட்டிக்கு நான் நாத்தனார் பாதி, மாமியார் பாதி. பாவம், அவளுக்கு ரெண்டு தொல்லையும் ஒரே ஆள்கிட்ட.

கல்யாணம் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே அவளுக்கு மார்புல கட்டி வந்துச்சு. இடது பக்கம் முழுசா எடுத்துட்டாங்க. கீமோ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கருமுட்டையை எடுத்து, கதிரேசனோடத சேர்த்து உறைய வச்சுட்டாங்க. முடி கொட்டுச்சு, நகம் கறுத்துச்சு, வாயெல்லாம் புண்ணு. அப்பவும் ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு லேட்டா வந்தா இறங்குறப்ப ஒரு சத்தம் போட்டுட்டுத்தான் இறங்குவா. அவளுக்கு ஜாக்கெட் தைக்கிறது நான்தான். இடது பக்கம் பஞ்சு வச்சு, அந்தக் கை வீங்கும்னு கையை மட்டும் தளர்த்தி, வெளிய யாருக்கும் தெரியாத மாதிரி. "மதினி, வலது கைக்கும் அதே அளவு வைங்க, ஒரு கை சாக்கு மாதிரி இருக்கு"ம்பா. "உன் வாய்க்குத்தாண்டி அளவு எடுக்க முடியல"ம்பேன் நான்.

உடம்பு தேறினதும் பிள்ளை வேணும்னு நின்னா. கதிரேசன் பயந்துட்டான். நான்தான் கூட்டிட்டுப் போனேன், டாக்டர் ஷர்மிளா பானுகிட்ட.

"நிறைய பேருக்கு நாங்களே சொல்லுவோம்மா," டாக்டர் சொன்னாங்க. "சாப்பிடுற ஹார்மோன் மாத்திரையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வச்சுட்டு, பிள்ளை பெத்துக்கிட்டு, திரும்ப ஆரம்பிங்கன்னு. நல்லபடியா பெத்துருக்காங்க. ஆனா ஓவியாவோட கட்டி ஒரு பொல்லாத ரகம். மாத்திரையை நிறுத்த எனக்குத் தைரியம் இல்ல. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டே சுமக்கவும் கூடாது, பிள்ளைக்கு ஆகாது."

"அப்போ எனக்கு வழியே இல்லையா டாக்டர்?" ஓவியா கேட்டா. குரல் கம்மிப்போச்சு. அப்படி ஒரு குரல் அவகிட்ட இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"இருக்கு. பேழை."

கருப்பேழைன்னு பேரு. நாங்க டேங்க்னுதான் சொல்லுவோம். ஒரு பெரிய பானை அளவுக்குக் கண்ணாடிக் கூடு, உள்ள வெதுவெதுன்னு தண்ணி, அதுல தொப்புள் கொடிக்குப் பதிலா ஒரு குழாய். கரு அதுலயே வளரும், அதுலயே பத்து மாசம் இருக்கும். அம்மா வெளிய இருந்து மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டு வேலைக்குப் போகலாம். "இது என்ன பிள்ளையா, மீனா?"ன்னு எங்க தெருவுல ஒருத்தி கேட்டா. அவ ஜாக்கெட்டை நான் அந்த மாசம் தைக்கவே இல்ல, போடின்னு துணியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஓவியாவோட அம்மாவுக்கு வேற கவலை. "வளைகாப்பை யாருக்குப் போடுறது ரேணுகா, டேங்குக்கா?"ன்னு கேட்டு அழுதாங்க.

டேங்க் கொடுத்த அரசாங்கம் கூடவே ஒரு சட்டமும் கொடுத்துச்சு. புற்றுநோய் வந்து தேறின அம்மான்னா, பிள்ளைக்குத் துணைத் தாய்னு இன்னொருத்தியை முதல்லயே எழுதி வைக்கணும். நோய் திரும்பி வந்தா பிள்ளை நாதியத்துப் போகக் கூடாதாம். சரி, அதுல நியாயம் இருக்கு. என் பேரை எழுதினோம். ஆனா அதுக்கு மேல ஒண்ணு வச்சாங்க பாருங்க. ஏழாம் மாசம் ஒரு சோதனை. ரெண்டு பேர் குரலையும் டேங்குக்குள்ள விடுவாங்க. பிள்ளை யார் குரலுக்கு அசையுதோ அவதான் பதிவுல முதல் தாய்.

"அசையலேன்னா?" ஓவியா கேட்டா.

பேழைப் பிள்ளைகளைப் பதியுற அரசாங்க வாரியத்துல இருந்து வந்திருந்த அதிகாரி அருள்தாஸ் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. கெட்டவர் இல்ல, ஆனா சட்டத்தை விட்டு ஒரு அடி நகராத மனுஷன். "உங்க குரலுக்கு அசையாம துணைத் தாய் குரலுக்கு அசைஞ்சா, அவங்கதான் முதல் தாய். பிள்ளை அவங்க பொறுப்பு. உங்க பேரு அதுக்குக் கீழ, கரு அளித்தவர்னு இருக்கும்."

"கரு அளித்தவரா? ரத்தம் அளித்தவர் மாதிரியா?"

"சுமக்காத பிள்ளைம்மா. எதை வச்சு அம்மான்னு சொல்றது? சட்டத்துக்கு ஒரு அடையாளம் வேணும்ல."

நான் அந்த ஆளை நல்லா நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஓவியா என் கையைப் பிடிச்சு அழுத்துனா. "விடுங்க மதினி. என் பிள்ளைக்கு என் குரல் தெரியாமலா போயிரும்?"

எங்க ரெண்டு பேருக்கும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக் கொடுத்தாங்க. குத்திக்கிட்டுப் பேசினா அது நேரா டேங்குக்குள்ள கேக்கும். நாங்க என்ன பேசுறோம்னு ஆஸ்பத்திரிக்காரங்க யாரும் கேக்கக் கூடாது, அதுவும் சட்டம். எனக்கு அதுக்குன்னு தனியா உக்கார எங்க நேரம்? காலைல கடை திறக்கும்போது சேலையில குத்துவேன், அப்புறம் மறந்துருவேன். தையல் மெஷின் சத்தம், வாடிக்கைக்காரங்களோட வாக்குவாதம், சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு டீ குடிக்க வர்ற ஓவியாவோட நான் போடுற சண்டை எல்லாம் அது பாட்டுக்குப் போயிக்கிட்டு இருந்துச்சு.

எங்க சண்டைக்கு ஒரு காரணமும் வேண்டாம். டீயில சர்க்கரை கூடிப்போச்சும்பா. உன் நாக்குக்கு வேப்பெண்ணெய்தான் சரிப்படும்பேன். என் தம்பியைப் பட்டினி போடுறியாடிம்பேன். உங்க தம்பி தொப்பையைப் பார்த்துட்டுப் பேசுங்க மதினிம்பா. இப்படியே கடை அடைக்கிற வரைக்கும் ஓடும். பக்கத்துக் கடைக்காரர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உக்கார்ந்து ரசிப்பாரு.

ஆனா அவளோட பொத்தானை அவ வேலைக்குக் கொண்டு போகவே இல்ல.

"பிள்ளை காதுல அந்தப் பேச்செல்லாம் விழலாமா மதினி?"ன்னா. வீட்டுக்குப் போய், குளிச்சு, விளக்கேத்தி, டப்பாவுக்குள்ள இருந்து பொத்தானை எடுத்து எதிர்ல வச்சுக்கிட்டு உக்காருவா. நான் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். "அன்புக் குழந்தையே, நான் உன் தாய் பேசுகிறேன். இன்று மழை பொழிந்தது. நீ நலமாக வளர்ந்து வர வாழ்த்துகிறேன்." எனக்குச் சிரிப்பு தாங்கல. "ஏண்டி, பிள்ளையை எந்த பிளாட்பாரத்துக்கு வரச் சொல்ற?"ன்னேன். கோவிச்சுக்கிட்டா. நானும் அதோட விட்டுட்டேன், நல்ல வார்த்தை நாலு கேட்டு வளரட்டுமேன்னு.

சோதனை நாள் வந்துச்சு.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டேங்க். உள்ள எங்க பிள்ளை, கையை மடக்கி மோவாய்க்கட்டையில வச்சுக்கிட்டு பெரிய மனுஷி மாதிரி யோசிச்சுக்கிட்டு இருந்துச்சு. இந்தப் பக்கம் நாங்க, ஒரு மேஜை, அதுல நல்ல நீளமா ஒரு மைக். மைக்கைப் பார்த்ததுமே நான் ஓவியாவைத் திரும்பிப் பார்த்தேன். சுவத்துல ஒரு திரை. அதுல பிள்ளையோட இதயத் துடிப்பு பச்சைக் கோடா ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஓவியா எழுந்து நின்னா. முதுகு நிமிர்ந்துருச்சு. போச்சுடான்னு நினைச்சேன்.

"அன்புக் குழந்தையே, நான் உன் தாய் பேசுகிறேன். உன்னைக் காண ஆவலோடு காத்திருக்கிறேன்."

கோடு அசையல. இன்னொரு தரம் பேசச் சொன்னாரு அருள்தாஸ். இன்னும் அழகாப் பேசுனா, இன்னும் தூய தமிழா. பிள்ளை ஒரு கொட்டாவி விட்டுச்சு. நெசமாத்தான், கண்ணாடி வழியா நாங்க எல்லாரும் பார்த்தோம். கதிரேசன் தலையில கை வச்சுட்டான்.

அடுத்தது நான். எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல. "என்னடி, தூக்கமா? பகல்லயே தூங்குனா ராத்திரி யாரு முழிச்சுக் கிடக்கிறது?"ன்னேன். பேசிட்டு நிறுத்துனேன். கோடு குபீர்னு ஏறுச்சு. பிள்ளை காலை உதைச்சு, உடம்பை முறுக்கி, தலையை இப்படியும் அப்படியும் திருப்புச்சு. மறுபடி பேசச் சொன்னாரு. மறுபடியும் துள்ளுச்சு.

மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. ஒரு உசுரு என் குரலைக் கேட்டுத் துள்ளுது. யாருமில்லாம ஒத்தையில சமைச்சு ஒத்தையில தின்ன எனக்கு, இந்தப் பிள்ளைக்குத் தலை சீவி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போற மாதிரியெல்லாம் கண்ணுக்குள்ள ஓடிருச்சு. பேசாம இருந்திருந்தா போதும், பிள்ளை எனக்குத்தான்.

அருள்தாஸ் தொண்டையைக் கனைச்சாரு. "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா முடிவு தெளிவா இருக்கு."

ஓவியா அழல. அதே நிமிர்ந்த முதுகோட, அதே அறிவிப்புக் குரல்ல, "முடிவை ஏற்றுக்கொள்கிறேன். அனைவருக்கும் நன்றி"ன்னா. சொல்லிட்டு, பஞ்சு வச்ச அந்த இடது பக்கத்துல கையை வச்சு அழுத்திக்கிட்டு நின்னா.

இது ஓவியா இல்லடா. இது எவளோ ஒரு பஸ் அறிவிப்பு. எங்க ஓவியா பேசவே இல்ல, அதுக்குள்ள என்ன முடிவு?

"நல்லதாப் போச்சு," சத்தமாச் சொன்னேன். "ரசம் வைக்கத் தெரியாதவகிட்ட பிள்ளை வளர்றதுக்கு என்கிட்ட வளரட்டும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. ஓவியா மைக்கைப் பார்த்தா, அதிகாரியைப் பார்த்தா. "மதினி, தயவுசெய்து அமைதி காக்கவும்"னா.

சரி, இது போதாது. "பேரு கூட முடிவு பண்ணிட்டேன். எங்க அம்மா பேரு. காது குத்து எங்க குலசாமி கோயில்ல. உங்க அம்மா வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்."

அவ மைக்கை இன்னும் நேரா நிமிர்த்தி வச்சா. அவளுக்கு எங்க கை வச்சா வலிக்கும்னு எனக்குத் தெரியும். வலிக்கிற இடத்துலயே வச்சேன்.

"நாள் முழுக்க பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்துற பொம்பளைக்கெல்லாம் எதுக்குடி பிள்ளை?"

அவ்வளவுதான்.

"ஏய்! யாரைப் பார்த்து என்ன பேசுற?" மதினி எல்லாம் பறந்து போச்சு. மேஜையைச் சுத்திக்கிட்டு என் மூஞ்சிக்கு நேரா வந்துட்டா. "கத்துறவதான்! கத்தித்தான் அந்த ஸ்டாண்டையே ஓட்டுறேன்! கத்தித்தான் சாவுகிட்ட இருந்து திரும்பி வந்தேன்! கீமோ ஊசியைக் குத்திக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டே எம்பிள்ளைக்காகத்தான் உசுரைப் பிடிச்சு வச்சேன்! பேரு வைப்பியோ நீ? வச்சுப் பாரு! ஊசியும் நூலும் கோர்க்கவே கண்ணு தெரியல, எம்பிள்ளையை வளர்க்க வந்துட்டா பெருசா!"

"அம்மா, அம்மா, நிறுத்துங்க!" அருள்தாஸ் எழுந்துட்டாரு.

"நிறுத்தாதீங்க!" டாக்டர் ஷர்மிளா கத்துனாங்க. "திரையைப் பாருங்க!"

பச்சைக் கோடு திரையோட மேல் விளிம்பைத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. டேங்குக்குள்ள எங்க பிள்ளை ரெண்டு காலையும் உதைச்சு, கையை விரிச்சு, குழாயை ஆட்டி, கண்ணாடியில முட்டி ஒரு கூத்தே நடத்திக்கிட்டு இருந்துச்சு. ஓவியா திரும்பிப் பார்த்தா.

"இதை ஏத்துக்க முடியாது," அருள்தாஸ் சொன்னாரு. "ரெண்டு பேரும் பேசியிருக்கீங்க. யாருக்கு அசைஞ்சுச்சுன்னு எப்படித் தெரியும்?"

டாக்டர் பதிவை முதல்ல இருந்து மெதுவா ஓட விட்டாங்க. குரல் ஒரு கோடு, துடிப்பு ஒரு கோடு. பார்க்கப் பார்க்க டாக்டர் முகம் மாறிருச்சு.

"ரேணுகாம்மா, சாயங்காலம் நீங்க பேசும்போது பக்கத்துல யாராவது இருப்பாங்களா?"

"இவதான் இருப்பா. டியூட்டி முடிஞ்சு கடைக்கு வருவா. சண்டை போடுவோம்."

"பொத்தான் குத்தியிருப்பீங்களா?"

"கழட்ட மறந்துருவேன் டாக்டர். தப்பா?"

டாக்டர் சிரிச்சாங்க. கண்ணுல தண்ணி. "இங்க பாருங்க. நீங்க தனியாப் பேசுனப்ப, நீங்க பேசும்போது பிள்ளை அசையல. நீங்க பேசி நிறுத்துனீங்களே, அந்த இடைவெளியிலதான் ஏறுது. ரெண்டு தடவையும் அப்படித்தான். நீங்க முடிச்சதும் இன்னொரு குரல் பதிலுக்குக் கத்தும்னு அதுக்குத் தெரியும். அதைத் தேடித்தான் தலையைத் திருப்புச்சு. இத்தனை மாசமா அந்தச் சண்டையைக் கேட்டே வளர்ந்திருக்கு."

எனக்காகத் துள்ளல. நான் வாயை மூடுற நேரத்துக்காகத் துள்ளியிருக்கு. சுருக்குன்னுதான் இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதோட சேர்ந்தே ஒரு சிரிப்பும் பொங்கிக்கிட்டு வந்துச்சு பாருங்க, அடக்க முடியல.

அருள்தாஸ் மட்டும் அசைஞ்சு கொடுக்கல. "அவங்க மட்டும் தனியாப் பேசட்டும். மத்தவங்க யாரும் மூச்சு விடக் கூடாது."

"மைக்குக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசுடி, எங்க நின்னாலும் அது பிடிச்சுக்கிடும்,"ன்னேன் கடைசியா, அவர் முறைக்கிறதுக்குள்ள.

ஓவியா மைக்கை விட்டுத் திரும்பி, கண்ணாடிச் சுவர்கிட்ட போனா. நெத்தியை அதுல முட்டி வச்சா. "ஏ கழுதை,"ன்னா, குரல் கரகரன்னு. "நான் பேசுனப்ப கொட்டாவியா விடுற? கொழுப்புடி உனக்கு. வெளிய வா, உன்னை வச்சுக்கிறேன். அம்மாடி, சீக்கிரம் வந்துருடி. உன்னைப் பார்க்காம எனக்கு முடியல."

கோடு ஏறுச்சு. அவ ஒவ்வொரு வார்த்தைக்கும் ஏறுச்சு. பிள்ளை அவ குரல் வந்த திசைக்கு முழு உடம்பையும் திருப்பி, உள்ளங்கையைக் கண்ணாடியில வச்சுச்சு. கதிரேசன் கேவிக் கேவி அழுதான். அருள்தாஸ் கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சுட்டு, "முதல் தாய், ஓவியா"ன்னு சொன்னாரு. சொல்லிட்டு அவரே கை தட்டுனாரு. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கான்னு தெரியல.

வெளிய வந்ததும் ஓவியா என்னைக் கட்டிப்பிடிச்சா. "வேணும்னேதானே பேசுனீங்க மதினி?"

"பின்ன? ஆனா உன் ரசம் நெசமாவே நல்லா இருக்காது."

பத்தாம் மாசம் டேங்கைத் திறந்து பிள்ளையை எடுத்தாங்க. பொம்பளப் பிள்ளை, நல்ல கறுப்பு, தலை நிறைய முடி. எடுத்ததுல இருந்து ஒரே அலறல். அந்த ஆஸ்பத்திரி மாடி முழுக்கக் கேட்டுச்சு. ஓவியாவோட அம்மா, "அப்படியே பஸ் ஸ்டாண்டு"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

நர்ஸ் ஆட்டிப் பார்த்தாங்க, அடங்கல. ஓவியா சட்டையைத் திறந்து, தழும்பு இருக்கிற இடது பக்கத்துலயே பிள்ளையைச் சாய்ச்சுக்கிட்டா. "எதுக்குடி இந்தக் கத்து கத்துற? இங்கதானே இருக்கேன். அம்மாடி, இங்கதானே இருக்கேன்."

டக்குன்னு நின்னுச்சு அழுகை. அவ பேசப் பேச அவ மோவாயையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஓவியா பேச்சை நிறுத்திட்டு அது முடியைக் கோதிவிட்டா. பிள்ளை அழல. புருவத்தைச் சுருக்கிக்கிட்டு, தலையை மெல்ல அந்தப் பக்கம் திருப்பி, எதையோ தேடுச்சு. அறையில எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் எங்க பேசுறது? முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தேன்.

ஓவியா என்னை ஒரு முறை முறைச்சா.

"என்ன மதினி வேடிக்கை? வாயைத் திறங்க. பிள்ளை காத்துக்கிட்டு இருக்குல்ல."